மூணு ரூமும் ஒரு ஹாலும்

வாங்க. கேட்டுல மாட்டியிருக்கற போர்டைப் பாத்துப்போட்டுத்தான வந்தீங்க? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், உள்ள வந்து உக்காந்து பாக்கற அளவுக்கு இங்க ஒண்ணுமில்ல. சரி, கழட்டிட்டீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம் தம்பி, அது கால் ஆடும். இந்த வீட்டுல எல்லாமே ஆடும்னு வெச்சுக்குங்களேன்.

வீட்டுக்காரங்க இல்லீங்களான்னு கேக்கறீங்க. என்னையப் பாத்தா எப்படித் தெரியுது, வாட்ச்மேனாட்டத் தெரியுதுங்களா? நாந்தானுங்க வீட்டுக்காரன். சென்னியப்பன். இந்தத் திருப்பூர்ல நாப்பது வருசமா இருக்கறேன். இந்த வீதியில எந்தக் கடையில கேட்டாலும் சென்னியப்பன் வீடுன்னுதான் சொல்லுவாங்க. போர்டுல இருக்கற நம்பரு என்ற மக சாந்தாமணியோடது. அவ பனியன் கம்பெனிக்குப் போயிருக்கறா. ஞாயித்துக்கிழமைதான், ஆனா ஷிப்மெண்ட் அவசரம்னு அரை நாள் கூப்புட்டுட்டாங்களாம். ஒரு மணிக்கு வருவா. அதுக்குள்ள நீங்க பாத்துப்போட்டுக் கெளம்பீர்லாம்.

பாருங்க, நல்லாப் பாருங்க. மேல பாருங்க, அந்த மூலையில. ஐப்பசி மழைக்கு அங்கிருந்து சொட்டும். ஒரு அண்டா வெச்சா ரொம்பீரும். போருத் தண்ணி எழுநூறு அடி. வாயில வெச்சா வெளங்காது, பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் படியும், அம்மிணிக்கு முடி கொட்டும். பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடைய நம்ம பக்கம் திருப்பி உட்டிருக்கறான். கேட்டா அடிக்க வருவான். போன வாரம் ஒரு பேங்க்காரர் வந்தாரு, இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன், தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கு முந்தின வாரம் ஒரு வாத்தியார், அவரு சம்சாரத்தோட. அவங்களுக்குத் தெருக்குத்துன்னு சொன்னேன். தெருக்குத்து இல்லீங்க, இருந்தாலும் சொன்னேன். அந்தம்மா வாசலைத் தாண்டறதுக்குள்ள வேண்டாம்னுட்டாங்க.

விரிசலா? எங்க தம்பி? அதுவா? அது விரிசல் இல்லீங்க, பூச்சு வெடிச்சிருக்கு. விரிசல் எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? நான் நின்னு கட்டின வீடு தம்பி இது. ஒவ்வொரு கம்பியும் நான் பாத்து வெச்சது. வந்து அஞ்சு நிமிசம் ஆகல, விரிசலுங்கறீங்க.

நீங்க என்ன வேலை பண்றீங்க? கட்டிங் மாஸ்டரா. அம்மிணி? பவர்டேபிள் டைலரா. சரிதான், ரெண்டு பேரும் பனியன் கம்பெனி. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, வயசுல பெரியவன் சொல்றேன். பனியன் கம்பெனிச் சம்பளத்துல வீடு வாங்க முடியுமுங்களா? சனிக்கிழமை சம்பளம் வாங்குனா ஞாயித்துக்கிழமை கறி, திங்கக்கிழமை வட்டி, செவ்வாக்கிழமை ஒண்ணுமில்ல. அதுல சோறு திங்கலாம், செல்போன் வாங்கலாம். வீடு வாங்க முடியாது. வீடுங்கறது வேற. அதுக்குத் திட்டம் வேணும், ரோசனை வேணும், குடும்பத்துல ஒரு தலை நிக்கணும். லோன் போடறோம்னுதான சொல்லப் போறீங்க? போடுங்க போடுங்க, அறுவது வயசு வரைக்கும் கட்டுங்க.

இந்த வீட்டைச் சும்மா கட்டலீங்க நான். பதினஞ்சு வருசமாச்சு. அப்ப எனக்கு முதுகு சரியில்ல. சாயப்பட்டறையில மூட்டை தூக்கி முதுகு போச்சு, வேலைய உட்டு நின்னுட்டேன். அந்த முதுகோட இங்க சேரைப் போட்டு உக்காந்திருப்பேன், காலையில ஏழு மணிக்கு வந்தா மேஸ்திரி போற வரைக்கும் நகர மாட்டேன். சிமெண்ட் மூட்டை ஒண்ணு வெளிய போயிருமா? செங்கல் ஒண்ணு ஒடைஞ்சதை வெச்சிருவானா? சென்ட்ரிங் போட்ட அன்னிக்கு மேஸ்திரி சொன்னான், ஐயா உங்களையாட்ட நின்னு பாக்கற ஆளுக யாருமில்லீங்கன்னு. அந்தச் சேருதான் இது, கால் ஆடுதுன்னேனே.

காசுங்களா? காசு சாந்தாமணி சம்பளந்தான். அது குடும்பத்துக் காசு. பதினேழு வயசுல கைமடியாப் போனா. உங்களுக்குத்தான் தெரியுமே அம்மிணி, டைலர் தைக்கத் தைக்கப் பின்னால நின்னு துணி எடுத்து மடிச்சுக் குடுக்கறது. அப்பறம் ஓவர்லாக் பழகுனா, பவர்டேபிள் பழகுனா. ஒன்றரை ஷிப்ட்டு இல்லாத நாளே கிடையாது. வீடு கட்டற சமயத்துல ரெண்டு ஷிப்ட்டு பாத்தா. சனிக்கிழமை சம்பளக் கவரு ஒட்டுனது ஒட்டுனபடி வரும். பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டா. அப்படி வளத்தேனுங்க நான். அவ பஸ்ஸுக்கும் நான்தான் எடுத்துக் குடுப்பேன். அந்தக் காலத்துல எந்த அப்பனும் என்னையாட்டப் புள்ளையக் கட்டுப்பாடா வளத்ததில்ல. அவகூட வேலை பாத்தவளுக எல்லாம் வாரமொரு சுடிதாரு, சினிமா. இவ ரெண்டே ரெண்டு சுடிதார்ல வருசத்தை ஓட்டுவா. சொன்னா கேட்டுக்குவா. அப்பல்லாம் கேட்டுக்குவா.

பத்திரம் யாரு பேர்லன்னா கேட்டீங்க? கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் அங்கதான் வந்து நிக்கறாங்க. அவ பேர்லதானுங்க. அது ஒரு கூத்து, கேளுங்க. எடம் வாங்கற சமயத்துல எனக்கு ஏழரை. என்ற சம்சாரத்துக்கு அஷ்டமத்துச் சனி. பையன் யுவராஜ் பன்னெண்டாவது படிச்சுட்டிருந்தான், மைனரு. ஜோசியகாரரு நாலு ஜாதகத்தையும் விரிச்சு வெச்சுப் பாத்தாரு. மண்ணு யோகம் உங்க பொண்ணுக்குத்தானுங்க இருக்குது, அவ பேர்ல முடிங்க, வீடு நிக்கும்னாரு. பேருக்குத்தான, போட்டேன். பத்திர ஆபீஸ்ல அவ கையெழுத்துப் போடறப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கம்பெனியில இருந்து ஒரு மணி நேரம் பர்மிசன் போட்டு வந்தா, கையெழுத்துப் போட்டா, மறுக்கா கம்பெனிக்கே போயிட்டா. பத்திரத்தை நான் பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். சாவி இன்னி வரைக்கும் என்ற அரைஞாண்லதான் இருக்குது. இருந்து? நகல் எடுத்துக்கலாமாமே. ஆன்லைன்ல வில்லங்கம் எடுக்கலாமாமே. செல்போன்லயே எல்லாம் பண்ணிப்போட்டா.

கல்யாணமா? ஆகலீங்க. முப்பத்தெட்டு ஆச்சு. அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாங்க. ரெண்டு எடம் வந்துச்சு. முதல் எடம் வந்தப்ப வீடு லிண்டல் மட்டத்துல நிக்குது. பாதிச் செவுத்துல எப்படிங்க பொண்ணைக் கட்டிக் குடுக்கறது? வீடு முடியட்டும்னேன். ரெண்டாவது எடம் வந்தப்ப யுவராஜ் என்ஜினீயரிங் ரெண்டாவது வருசம். அவன் படிப்பு முடியட்டும்னேன். அப்பறம் வர்றவங்க வயசைக் கேட்டுப்போட்டுப் போயிட்டாங்க. அதே ஜோசியகாரருகிட்டத்தான் போனேன். செவ்வாய் தோஷம், ராகுவும் சேந்திருக்குது, அமையறது சிரமம்னாரு. ஜாதகம் அப்படி. நான் என்ன பண்ணட்டும்? மண்ணுக்கு யோகமான ஜாதகம், மாப்பிள்ளைக்கு ஆகல. அவங்கவங்க எழுத்து.

யாரது? நீ எதுக்கு இப்ப டீயோட வர்ற? நான் சொன்னனா? என்ற சம்சாரமுங்க, ராமாத்தா. வீடு பாக்க வர்றவங்களுக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடுக்காதன்னு சொல்லி வெச்சிருக்கறேன். குடுத்துட்டா. சரி, குடிங்க. டம்ளர்ல சீனி அடியில கெடக்கும், கலக்கிக்குங்க. நீ போ உள்ள. நின்னு என்ன பாக்கற?

விக்கறதுங்கறது என்ற ரோசனைதானுங்க முதல்ல. அதையும் சொல்லிர்றேன். இல்லைன்னா கெழவன் ஏதோ பைத்தியம்னு நெனச்சுட்டுப் போவீங்க. யுவராஜ் பெங்களூர்ல இருக்கறான், கம்ப்யூட்டர் கம்பெனி. நல்ல சம்பளம். ஆனா அந்த ஊர்ல என்ன சம்பளம் வந்தாலும் பத்தாதுங்களாம். பிளாட் ஒண்ணு பாத்திருந்தான், பதினோராவது மாடி. திருப்பூர் வீட்டைக் குடுத்துட்டா முன்பணம் ஆயிரும்ப்பா, மீதி லோன்ல பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்கன்னான். நியாயமாப் பட்டுச்சு. ஒரு ஆளைப் பாத்துப் பேசி, வெலையெல்லாம் பேசி வெச்சுட்டேன். அதுக்கப்பறம் ஒரு நாள் சோறு போடறப்ப சாந்தாமணிகிட்ட சொன்னேன். திங்கக்கிழமை பர்மிசன் போட்டுட்டு பத்திர ஆபீசுக்கு வந்துரு, கையெழுத்துப் போடணும்னேன்.

பெசஞ்சுட்டிருந்தவ நிறுத்திப்போட்டு, "அப்ப நான் எங்கப்பா இருக்கறது?"ன்னா.

நான் வாஸ்தவமாத்தான் சொன்னேன். "உங்க கம்பெனியிலேயே லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதுல்ல. சோறும் போடறாங்க. ஒண்டிக்கட்டைக்கு என்ன"ன்னேன்.

சோத்தைத் தின்னா. தட்டைக் கழுவி வெச்சா. அம்மாவோட தட்டையும் கழுவுனா. நானும் சரின்னுட்டான்னு நெனச்சேன். இருவது வருசமா எதுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கறா, இதுக்குச் சொல்ல? திங்கக்கிழமை நானும் அந்த ஆளும் பத்திர ஆபீஸ் வாசல்ல நாலு மணி வரைக்கும் நின்னோம். வெயில்ல. வரவே இல்ல. ராத்திரி வந்து நிக்கறா. ஏண்டி வரலைன்னு கேட்டா, கம்பெனியில பர்மிசன் குடுக்கலைன்னா. பொய்யி. அந்த வாரமே போர்டு எழுதி வாங்கிட்டு வந்து கேட்டுல மாட்டிப்போட்டா. விக்கணும்னு சொன்னீங்கல்லப்பா, விக்கறேன்னா. எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்க. நான் கத்துன கத்துல எதிர்வீட்டுக்காரங்க வெளிய வந்துட்டாங்க. அவ கத்தல. ஆணி அடிச்சுட்டிருந்தா.

யுவராஜுக்குப் போன் பண்ணுனேன். அக்கா பேர்ல இருந்தா அக்காதாம்ப்பா முடிவு பண்ணணும்ங்கறான். படிச்ச பையன், சட்டம் பேசறான். பிளாட்டுக்கு மாமனார் குடுக்கறாராம். எங்களைக் கூப்புட்டது என்னாச்சுன்னு கேட்டேன். ரெண்டே ரூம்தாம்ப்பா, ஒண்ணு மாமியாருக்கு, கொஞ்ச நாள் போகட்டும்னான். அதுக்கும் காரணம் இவதான். இவ ஒழுங்காக் கையெழுத்துப் போட்டிருந்தா மாமனார் எதுக்கு நடுவுல வர்றாரு?

வித்து இவ என்ன பண்ணப் போறான்னு கேளுங்க. காசுல ஒரு பங்கை ராமாத்தா பேர்ல டெபாசிட் போடறாளாம். என்ற பேர்ல இல்லீங்க. கவனிச்சீங்களா? ராமாத்தா பேர்ல. பேங்க் வாசல் எந்தப் பக்கம்னு தெரியாது ராமாத்தாளுக்கு. மீதிக் காசுல அவ வீடு வாங்கறாளாம். எப்படி வீடு? ஒத்த ரூம் வீடு. அவினாசி ரோட்டுக்கு அக்கட்டால, ஒரு ரூமு, ஒரு ஹாலு, ஒரு சமையல்கட்டு. மூணு ரூம் வீட்டை வித்துப்போட்டு ஒத்த ரூம் வாங்கற கிறுக்கை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? போய்ப் பாத்துட்டும் வந்துட்டா. வந்து அவங்க அம்மாகிட்ட சொல்றா, உள்பக்கம் தாப்பாள் நல்லாயிருக்குதும்மான்னு. வீடு பாக்கப் போனவ தாப்பாளைப் பாத்துட்டு வந்திருக்கறா.

ரூமெல்லாம் பாக்கணுமா? பாருங்க, அம்மிணி எந்திரிச்சாச்சு. இது எங்க ரூமு, எனக்கும் ராமாத்தாளுக்கும். அட்டாச்சுடு பாத்ரூம் கெடையாது, அதையும் சொல்லிர்றேன். இது சாமி ரூமு. சின்னதுதான், ஆனா தனியா ரூமே கட்டணும்னு நான் நின்னு சொன்னேன். இது யுவராஜ் ரூமு. பூட்டித்தான் இருக்கும். அவன் தீவாளிக்கு வருவான், பொங்கலுக்கு வந்தாலும் வருவான். வந்தா அவனுக்குன்னு ஒரு எடம் வேணுமில்ல. கட்டில், பீரோ, ஏசிகூட இருக்குது, சாந்தாமணிதான் போனஸ்ல வாங்கிப் போட்டா. நாங்க யாரும் உள்ள போறதில்ல. தூசி தட்ட மட்டும் இவ போவா. ஆச்சு, மூணு ரூமும் பாத்தாச்சு. அக்கட்டால சமையல்கட்டு.

என்னது அம்மிணி? அவ எங்க படுப்பாளா?

இங்கதான். ஹால்ல. அந்தக் கதவுக்குப் பின்னால பாய் சுருட்டி வெச்சிருக்குது பாருங்க, அதுதான். அவ துணியெல்லாம் அந்தப் பையில. ஹால் நல்ல காத்துங்க. தெக்கு ஜன்னல். பேன் வேற. வந்தவுடனே படுத்தா அடிச்சுப்போட்டாப்பல தூங்குவா, காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சுருவா. அவளுக்கு எதுக்கு ரூமு? நாள் பூராக் கம்பெனியில இருக்கறவ. இதைப் போய் என்னத்துக்குக் கேக்கறீங்க, வீடு வாங்க வந்தவங்க? தண்ணி எப்படின்னு கேளுங்க, வரி எத்தனைன்னு கேளுங்க.

டீ ஆறுதுங்க. ரெண்டு பேரும் என்ன அப்படியே நின்னுட்டீங்க? ஒழுகுதுன்னு சொன்னேனே, அதை ரோசிக்கறீங்களா? நல்லா ரோசிங்க.

வந்துட்டா. கேட்டுச் சத்தம் கேட்டுச்சுங்களா, அவதான். வா. வீடு பாக்க வந்திருக்கறாங்க. எல்லாம் சொல்லிட்டேன், ஒழுகறது, போருத் தண்ணி, சாக்கடை, ஒண்ணு மறைக்கல. அவங்களுக்குத் தோதுப்படாதுன்னு நெனைக்கறேன். கையில என்ன கட்டு? ஊசி ஏறிருச்சா? போய்க் கைகால் கழுவு.

பாருங்க அம்மிணி, அவகிட்ட என்னத்தைக் கேக்கறீங்க, எங்கிட்டக் கேளுங்க. எந்த லைன், எத்தனை பீஸுன்னு பேச இதா நேரம்?

என்ன தம்பி? என்ன சொன்னீங்க?

அவ சொன்ன வெலைக்கேவா?

பேரம் பேசலீங்களா? ஒரு லட்சம், ஐம்பதாயிரம் கொறைச்சுக் கேளுங்க தம்பி. கேக்கறதுதான் மொறை. கேட்டா அவ முடியாதும்பா, நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. இத்தனை நேரம் நான் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னனே, குத்தங்கொறை அத்தனையும் சொன்னனே. நான் சொன்னதுல அப்படி என்னத்தைக் கேட்டீங்க நீங்க? அம்மிணி, நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கறீங்க? எந்த வீட்டுல நடக்காததை நான் சொல்லிப்போட்டேன்?

ராமாத்தா, நீயும் எதுக்கு இங்க வந்து அவகூட நிக்கற?

இருங்க. அட்வான்ஸைக் கையில குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. நீங்க புள்ளைகுட்டிக்காரங்க, நியாயம் சொல்லுங்க. நேத்து இவகிட்ட கேட்டேன். ஒத்த ரூம் வாங்கறியே, உன்னையப் பெத்தவன் நான், நான் எங்க இருக்கறதுன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமுங்களா? இந்தா, முன்னாலதான் நிக்கறா, கேளுங்க. ரூம்ல நானும் அம்மாவும் கட்டில் போட்டுப் படுத்துக்கறம்ப்பா, நீங்க வாங்க, உங்களுக்குப் பாய் இருக்குது, ஹால்ல படுத்துக்கலாம்னா. சிரிச்சுச் சொன்னாளா? இல்ல. கோவமாச் சொன்னாளா? அதுவுமில்ல. சோறு போடட்டுமான்னு கேக்கறாப்பலச் சொல்றா.

ஹால்லங்க. ஹால் மனுசன் படுக்கற எடமுங்களா? தண்ணி குடிக்கப் போறவங்க, கக்கூசுக்குப் போறவங்க, எல்லாரும் தாண்டித்தான் போவாங்க. லைட்டைப் போட்டா மூஞ்சியில அடிக்கும். டிவி ஓடுற வரைக்கும் உக்காந்தே இருக்கணும். யாராவது வந்துட்டாப் படுத்திருக்கறப்பவே எந்திரிச்சுப் பாயைச் சுருட்டணும். தைமாசத்துல தரை சில்லுன்னு முதுகுல ஏறும். கதவில்ல, ஒரு பக்கம் திரும்பிப் படுக்க மறைவில்ல. ஒரு நாளு ரெண்டு நாள் இல்லீங்க, வருசக்கணக்கா. சொல்லுங்க அம்மிணி, அங்க எப்படிங்க நான் தூங்கறது?